ஒன்பதாம் குவியலில் முப்பத்தொரு டிகிரி

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். படை நடுங்கினால் நடுங்கிவிட்டுப் போகட்டும், அது படையின் பாடு. ஊர் முழுக்க வெட்டிப் போடும் புல்லும் சருகும் கிளையும் வந்து சேர்கிற நகராட்சி உரக்கிடங்கில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிற சூட்டுக்கோலக்காவுக்குப் பாம்பைக் கண்டால் முதலில் வருவது பயம் இல்லை. "அடப்பாவமே, எந்த வீட்டுலேர்ந்து தப்பிச்சு வந்துச்சோ" என்கிற நினைப்புதான் வரும்.

பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. மற்றபடி கிடங்கில் எல்லோருக்கும் அவள் சூட்டுக்கோலக்காதான். நெஞ்சு உயரத்துக்கு ஒரு எஃகுக் கம்பி, அதன் தலையில் கடிகாரம் போல ஒரு வட்ட முகம். கம்பியைக் குவியலுக்குள் சொருகினால் உள்ளே எவ்வளவு சூடு என்று ஊசி காட்டும். அதைத் தூக்கிக்கொண்டு காலை எட்டு மணிக்கு அக்கா நடக்க ஆரம்பித்தால் மதியம் வரை நடப்பாள். கையில் சூடு பார்க்கும் கோல், வாயிலும் சூடு. பெயர் ஒட்டிக்கொண்டதில் என்ன ஆச்சரியம்?

உரக்குவியல் என்றால் சும்மா கிடக்கிற குப்பை என்று நினைப்பவர்கள் ஒரு குளிர்காலக் காலையில் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். இருபது தப்படி நீளம், ஆள் உயரம், அப்படி இருபத்தைந்து குவியல்கள் வரிசையாகப் படுத்திருக்கும். புதிதாகக் கொட்டியது அறுபது டிகிரி கொதிக்கும், மேலே ஆவி பறக்கும். நாள் ஆக ஆக மெல்ல ஆறும். ஒவ்வொரு குவியலிலும் பத்து இடத்தில் மஞ்சள் வர்ணம் அடித்த முளை அடித்திருக்கும். முளைக்குப் பக்கத்தில் கம்பியைச் சொருகி, ஊசி நிற்கிற வரை பொறுத்து, நோட்டில் எழுத வேண்டும். மற்றவர்கள் நாற்பது எண்ணிவிட்டு எடுத்துவிடுவார்கள். அக்கா நூறு எண்ணுவாள். "ஏன்க்கா, அந்த அறுபதுல என்ன ஆயிடப்போவுது?" என்று யாராவது கேட்டால், "உன் வயித்துல பத்து மாசம் இருக்க வேண்டிய பிள்ளை ஆறு மாசத்துல வந்தா என்ன ஆயிடும், அது" என்பாள்.

கிடங்கின் பின்சுவருக்கு அப்பால் ஒரு சதுப்பு நிலம். நாணல் ஆள் உயரம் வளர்ந்து கிடக்கும், அதற்கும் அப்பால் காடு. ஊருக்குள் சில பேருக்கு வேறு கண்டத்துப் பாம்புகளைக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிற ஆசை. மூடி கொஞ்சம் நகர்ந்திருந்தால் போதும், மறுநாள் காலையில் பெட்டி காலி. ஓடிப்போனது கோடை முழுக்க நாணலில் திரியும். குளிர் தொடங்கியதும் அதற்கு வழி தெரியாது. அந்த மண்ணின் பாம்புகளுக்கு எந்தப் பொந்தில் எத்தனை ஆழத்தில் படுத்தால் பிழைக்கலாம் என்று தெரியும். வெளிநாட்டுக்காரருக்கு யார் சொல்லித் தருவார்? சூடு எங்கே இருக்கிறதென்று தேடித் தேடி ஊர்ந்து வந்தால், சுவருக்கு இந்தப் பக்கம் இருபத்தைந்து குவியலும் ஆவி விட்டுக்கொண்டு கிடக்கும். இருபத்திரண்டு வருடத்தில் அக்கா கையில் பதினான்கு பாம்பு அகப்பட்டிருக்கிறது. சிவப்புப் பட்டை போட்டது, பால் போல் வெள்ளையானது, கைவிரல் பருமனில் ஒன்று, தொடைப் பருமனில் ஒன்று.

முதல் பாம்பில்தான் அவள் தப்புப் பண்ணினாள். அதை அவளே சொல்வாள், மறைக்கிற ரகம் இல்லை. செங்காவி நிறத்தில் அழகான ஒரு சோடி. கடிக்கவும் இல்லை, சீறவும் இல்லை. பாம்பு காட்டுக்குரியது என்று அவளுக்கு யார் சொன்னார்களோ, கோணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் நாணலில் விட்டுவிட்டாள். புண்ணியம் கட்டிக்கொண்டதாக நினைப்பு வேறு. இரண்டு வருடம் கழித்து வசந்தத்தில் நாணலை ஒட்டிய மரங்களில் குருவிக் கூடுகள் அப்படியே இருந்தன, உள்ளே முட்டை மட்டும் இல்லை. ஒரு கூட்டிலும் இல்லை. அந்தப் பாம்புகளுக்கு மரமேறத் தெரியும், அங்குள்ள குருவிகளுக்கு மரமேறும் பாம்பைத் தெரியாது. அந்தச் சோடி குளிரையும் தாங்கிப் பெருகியிருந்தது. வனத்துறை வந்து பொறி வைத்து ஐம்பதுக்கு மேல் பிடித்தது. "காடுங்கறது ஒண்ணு இல்ல. அதோட காடு வேற, இது வேற. எனக்கு அந்தப் புத்தி இல்லாமப் போச்சு" என்பாள். அதற்குப் பிறகு எந்தப் பாம்பு கிடைத்தாலும் பெட்டியில் போட்டுப் பாம்பு டாக்டருக்குப் போன் பண்ணிவிடுவாள்.

இப்போது ஒன்பதாம் குவியலுக்கு வருவோம்.

அது ஆறிக்கொண்டிருந்த குவியல். கெட்டித் துணி போட்டு மூடி, அறுபது நாள் தொடாமல் விட்டு, பிறகு புரட்டு வண்டியால் புரட்ட வேண்டும். முதல் வாரம் நாற்பது, பிறகு முப்பத்தாறு, முப்பத்து மூன்று என்று பத்து முளையும் ஒன்றாக இறங்கின. முப்பத்தொன்றுக்கு வந்ததும் ஒன்பது முளைகள் இறங்கிக்கொண்டே போயின. ஏழாம் முளை மட்டும் நின்றுவிட்டது. மற்றது இருபத்தெட்டு, ஏழாம் முளை முப்பத்தொன்று. மற்றது இருபத்தாறு, அது முப்பத்தொன்று. மழை பெய்து எல்லாம் இருபத்து நாலுக்கு விழுந்த அன்றைக்கும் ஏழாம் முளையில் ஊசி முப்பத்தொன்றில் நின்றது. அக்கா நூறுக்குப் பதில் இருநூறு எண்ணினாள். கம்பியை மாற்றினாள். மேற்பார்வையாளரின் கம்பியைக் கடன் வாங்கிச் சொருகினாள். அதே முப்பத்தொன்று.

உரம் ஏறும், இறங்கும், ஒரே இடத்தில் நிற்காது. இருபத்திரண்டு வருடத்தில் எந்த உரமும் இப்படி ஒரு நம்பரைப் பிடித்துக்கொண்டு நாற்பது நாள் உட்கார்ந்ததில்லை.

மேற்பார்வையாளர் அக்காவைவிடப் பதினைந்து வயது சின்னவர். நல்ல மனிதர்தான், அவசரம் மட்டும் அவரோடு கூடப் பிறந்தது. புரட்டுகிற நாள் காலையில் வண்டி உறுமிக்கொண்டு வந்து நின்றது. அதன் வயிற்றில் முழங்கை நீளக் கத்திகள் நாற்பது சுழலும். குவியலின் இந்த முனையில் நுழைந்தால் அந்த முனையில் தூள்தூளாகக் கக்கிவிட்டுப் போகும். அக்கா போய் அதன் முன்னால் நின்றுகொண்டாள்.

"என்னக்கா இது, சின்னப்பிள்ளை மாதிரி? நகருங்க."

"ஏழாம் முளைக்குக் காரணம் தெரியல தம்பி."

"கீழ ஏதாவது நாய் செத்துக் கிடக்கும், இல்லேன்னா கோழிக் கழிவு கட்டியா நின்னிருக்கும். புரட்டினா சரியாயிடும்."

"நாய்ன்னா முதல்ல ஏறி அப்புறம் இறங்கும். இது ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. யாரோ உள்ள உக்காந்து அடுப்பைக் கூட்டிக் குறைச்சுக்கிட்டு இருக்காங்க."

"உள்ள ஆளா! உங்களுக்கு வயசாயிடுச்சுக்கா."

"ஆமா, ஆயிடுச்சு. கிழவி நடுவுல நிக்கிறா. ஏத்து பார்க்கலாம் வண்டிய."

வண்டிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுச் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது" என்றார்.

அக்கா மண்வெட்டியைத் தொடவில்லை. துணியை விலக்கிவிட்டு முழங்காலிட்டு, கையாலேயே சருகை அள்ள ஆரம்பித்தாள். ஒரு முழம் உள்ளே போனதும் கைக்குக் கதகதப்புத் தட்டியது. இன்னும் ஒரு சாண் போனதும் ஒரு பொந்து. வீடு கட்டியவர் பூசி மெழுகியது போல அதன் சுவர் வழுவழுவென்று இருந்தது. உள்ளே பழுப்பும் மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாக ஏதோ ஒரு குவியல். அது துடித்தது. ஓய்ந்தது. மறுபடி துடித்தது.

"அம்மாடி!" என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்ல வந்தது.

மலைப்பாம்பு. அந்த நாட்டில் எந்தக் காட்டிலும் இல்லாத இனம். நீட்டினால் இரண்டு ஆள் நீளம் வரும், வளையம் வளையமாகச் சுற்றி ஒரு கூடை போலப் படுத்திருந்தது. தலை எல்லா வளையத்துக்கும் மேலே, மூடி வைத்தது போல. வளையங்களின் இடுக்கில் வெள்ளையாக முட்டைகள். பாம்புக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது, வெயில் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்றுதான் அக்கா கேள்விப்பட்டிருக்கிறாள். இங்கே இது தன் தசையைத் தானே இறுக்கி இறுக்கித் தளர்த்தி, குளிரில் நடுங்குகிற மாதிரி நடுங்கி, அந்த நடுக்கத்தில் சூடு உண்டாக்கி, முட்டைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. குவியல் ஆற ஆற இது கூடுதலாக நடுங்கியிருக்கிறது. ஒரு டிகிரி கூடவும் விடவில்லை, குறையவும் விடவில்லை. நாற்பது நாள்! மனிதர்கள் இப்படிச் சூட்டை ஒரே அளவில் நிறுத்த எத்தனை பெட்டி, எத்தனை ஒயர், எத்தனை பொத்தான் வைத்திருக்கிறார்கள்!

மேற்பார்வையாளர் குனிந்து பார்த்தார். அவசரக்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகுதான் அக்கா அதைப் பார்த்தாள். வெளி வளையத்தில், ஏழாம் முளை பக்கமாக, வட்ட வட்டமாக ஐந்து புண்கள். மூன்று காய்ந்து தழும்பாகியிருந்தன, இரண்டு புதியவை. ஒவ்வொன்றும் கம்பியின் பருமன். தினமும் காலையில், முளையை ஒட்டி, ஒரே ஆழத்துக்கு, கையைத் தளர விடாமல் அவள் சொருகிய கம்பி. பல நாள் மயிரிழையில் தப்பியிருக்கிறது. ஐந்து நாள் தப்பவில்லை. அந்த ஐந்து நாளும் அது நகரவில்லை, சீறவில்லை. கம்பி உடம்பில் இறங்கி நிற்க, மேலே ஒருத்தி நூறு எண்ணி முடிக்கிற வரை, நடுங்குவதை மட்டும் நிறுத்தாமல் இருந்திருக்கிறது.

அக்கா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். "நான் எண்ணிக்கிட்டு நின்னேனே தம்பி" என்றாள். "நான்பாட்டுக்கு எண்ணிக்கிட்டு நின்னேனே."

மேற்பார்வையாளர் வண்டியைத் திருப்பி அனுப்பினார்.

பாம்பு டாக்டர் மதியத்துக்குள் வந்துவிட்டாள். மெலிந்த இளம் பெண், பெரிய பூட்ஸ், பேச்சு மட்டும் மெதுவாக. பாம்பின் தோலுக்கடியில் இருந்த அடையாளச் சில்லைக் கருவியால் படித்து உரிமையாளரைக் கண்டுபிடித்தாள். கடைத்தெருவில் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர் அவர். கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார்.

"தம்பி!" என்றார் பொந்தைப் பார்த்து. "தம்பி, இங்கியாடா இருக்கே? நாலு மாசமா தேடுறேனேடா!"

"தம்பியா?" என்றாள் அக்கா. "கொஞ்சம் எட்டிப் பாருங்க சார். தம்பிக்குப் பதினொரு முட்டை."

மனிதர் கண்ணிலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். எட்டு வருடம். கட்டைவிரல் பருமனில் வாங்கி வந்ததிலிருந்து அது ஆண் என்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவரும் தம்பி தம்பி என்று கூப்பிட்டு, தம்பிக்குப் பிறந்தநாளெல்லாம் சொல்லி வளர்த்திருக்கிறார். இன்னொரு பாம்பை அது கண்ணால் பார்த்ததில்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

டாக்டர் சின்ன விளக்கை முட்டைகளின் ஓரத்தில் பிடித்துப் பார்த்தாள். முட்டையைத் திருப்பக் கூடாதாம், திருப்பினால் உள்ளே இருக்கிற உயிர் மூழ்கிவிடுமாம். ஒன்பது முட்டை மஞ்சளாகி வாடிவிட்டிருந்தன. இரண்டில் மட்டும் விளக்கொளி இளஞ்சிவப்பாகப் பரவியது. அதற்குள் நூல் நூலாக ரத்த நாளம். அக்காவை அழைத்துக் காட்டினாள். கண்ணை எடுக்க முடியாமல் அக்கா அப்படியே குனிந்து நின்றாள்.

"சோடி இல்லாம எப்படிம்மா?" என்றாள் கடைசியில்.

"அபூர்வமா நடக்கும். தாயோட கருமுட்டையே தனியா வளர ஆரம்பிச்சுடும். ஆண் தேவையில்ல. எனக்குத் தெரியும், படிச்சிருக்கேன்." டாக்டர் மறுபடி விளக்கை முட்டைப் பக்கம் பிடித்தாள். "ஆனா கண்ணால பார்த்தது இன்னிக்குத்தான்."

வனத்துறை அதிகாரி மறுநாள் காலையில் வந்தார். நரைத்த கொண்டை போட்ட பெண்மணி, இஸ்திரி கலையாத சட்டை, கையில் படிவம் செருகிய அட்டை. கெட்டவர் என்று சொல்ல முடியாது. செங்காவிப் பாம்புகளுக்குப் பொறி வைத்துப் பிடித்தவர் அவர்தான், அந்தக் காலியான கூடுகளை ஏணி போட்டு ஏறிப் பார்த்தவரும் அவர்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு நேராகச் சொன்னார்.

"தப்பிச்ச வளர்ப்புப் பாம்புன்னா உரிமையாளர்கிட்டக் கொடுத்துடுவேன். ஆனா முட்டைல உயிர் இருக்குன்னா, ஆண் ஒண்ணு நாணல்ல இருக்கு. அப்ப இது வளர்ப்பு இல்ல, வெளியில இனம் பெருகுது. சட்டப்படி தாயையும் முட்டையையும் இன்னிக்கே முடிக்கணும், நாணல் பூராப் பொறி வைக்கணும்."

டாக்டர் விளக்கினாள். கடிகாரக்காரர் கெஞ்சினார். அதிகாரி படிவத்தில் ஒரு கட்டத்தைப் பேனாவால் தட்டினார்.

"ஆண் பத்தின விவரம்னு இங்க கேட்டிருக்கு. அப்பனே இல்லாம பிள்ளைன்னு நான் எழுதினா மேல என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. யாருகிட்ட கதை விடுறீங்க?"

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் நிஜமாகவே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அக்காவுக்குப் புதிதில்லை. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் கேட்டது.

"அம்மா, ஒரு நிமிஷம்" என்றாள் அவள். "என் பொண்ணைப் பள்ளிக்கூடத்துல சேர்க்கப் போனேன். அப்பன் பேர் கேட்ட கட்டத்துல ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன். அவன் நான் மாசமா இருக்கறப்பவே போனவன், அவன் பேரை நான் எதுக்கு எழுதணும்? எழுத்தர் அந்தக் கோட்டு மேல 'தெரியவில்லை'ன்னு எழுதினான். என்னைக் கேக்கல. எழுதிட்டுப் பக்கத்து ஆளைப் பார்த்துச் சிரிச்சான். பொண்ணுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். நின்னு படிச்சா."

மேற்பார்வையாளர் பத்து வருடமாக அவளோடு வேலை பார்க்கிறார், இது அவருக்குத் தெரியாது.

"நாணல்ல ஆண் இருந்தா நானே தேடிப் பிடிச்சுத் தர்றேன். பாம்பை வெளில விட்டா என்ன ஆகும்னு இங்க என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்தப் பாவம் என் தலைலதான் இருக்கு. முடிக்கணும்னா முடிங்க. ஆனா சோதிச்சுப் பார்த்துட்டு முடிங்க. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி எழுதாதீங்கம்மா."

அதிகாரி பேனாவை மூடினார். "குஞ்சு வெளில வந்ததும் மூணு பேரோட ரத்தமும் பரிசோதனைக்கூடத்துக்குப் போகும். அது வரைக்கும் கம்பி வலை போடுங்க, எதையும் நகர்த்தாதீங்க. ஆனா ஒண்ணு, ரிசல்ட்ல அப்பன்னு ஒருத்தன் வந்தா, தாயும் கிடையாது, குஞ்சும் கிடையாது. அப்ப என்கிட்ட அழக் கூடாது."

"அழமாட்டேன்" என்றாள் அக்கா. அது பொய். அவருக்கும் தெரியும்.

குஞ்சு வெளியே வர இன்னும் ஒரு வாரம் ஆகலாம் என்றாள் டாக்டர். ஆனால் தாய் அது வரை தாங்குமா என்பது சந்தேகம். முட்டையிட்ட நாளிலிருந்து அது இரை எடுக்கவில்லை, முதுகெலும்பு கத்தி முனை போலத் துருத்திக்கொண்டிருந்தது. வார இறுதியில் கடுங்குளிர் வரும் என்று வானிலைச் செய்தி சொன்னது. இன்னும் குளிர்ந்தால் இன்னும் நடுங்கும், நடுங்கி நடுங்கியே போய்விடும். விளக்கு வைக்கலாமா, மின்சாரப் போர்வை சுற்றலாமா என்று டாக்டரும் கடிகாரக்காரரும் யோசித்துக்கொண்டிருந்தபோது அக்கா எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள்.

"சூடுதானே வேணும்? நீங்க ரெண்டு பேரும் தள்ளுங்க."

அன்றைக்கு அவள் செய்த வேலையைக் கிடங்கில் இன்னும் பேசுகிறார்கள். அன்று காலை வெட்டி வந்த பச்சைப் புல் பத்துக் கூடை, கோழிக் கழிவு நாலு கூடை, காற்று போக இடையிடையே மரச்சிராய்த்தூள். பொந்தைச் சுற்றி இரண்டு சாண் தள்ளி, ஒரு பக்கம் வாய் விட்டு, அரைவட்டமாக அடுக்கினாள். உள்ளங்கையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பார்த்து, விரலிடுக்கில் ஒரு சொட்டு நிற்கிற வரைக்கும் தண்ணீர் தெளித்தாள். ஒரு கூடை கூடினால் தாயும் முட்டையும் வெந்துபோகும், ஒரு கூடை குறைந்தால் பயனில்லை. எந்தப் புத்தகத்திலும் இதற்குக் கணக்கு இல்லை, இருபத்திரண்டு வருடம் சொருகி எடுத்த கம்பிதான் கணக்கு. மறுநாள் காலையில் அரைவட்டம் கொதிக்க ஆரம்பித்தது. பொந்தைச் சுற்றியிருந்த பழைய உரம் இருபத்து நாலிலிருந்து இருபத்தேழானது. மதியம் இருபத்தொன்பது. கம்பியை இப்போது அவள் தள்ளித்தான் சொருகினாள், முதலில் விரலால் தடவிப் பார்த்துவிட்டு.

மூன்றாம் நாள் காலை, ஊசி முப்பத்தொன்றைத் தொட்டது. அக்கா கம்பி வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாம்பைப் பார்த்தாள். ஒரு துடிப்பு. நீண்ட இடைவெளி. இன்னொரு துடிப்பு, லேசாக. அதற்குப் பிறகு இல்லை. வளையங்கள் தளர்ந்தன. தலை மெல்லச் சரிந்து சொந்த உடம்பின் மேலேயே படுத்துக்கொண்டது. நாற்பது நாளுக்கு மேல் நடுங்கிய பிறகு முதல் தடவையாக அது ஓய்வெடுத்தது.

"தூங்கும்மா" என்றாள் அக்கா. "நான் பார்த்துக்கறேன்."

ஏழாம் நாள் முற்பகலில் ஒரு முட்டையின் மேல் பிளேடால் கீறினது போல ஒரு கோடு விழுந்தது. கோட்டிலிருந்து ஒரு சொட்டு நீர், பிறகு ஒரு மூக்கு. மூக்குக்குப் பின்னால் இரண்டு கண்கள். வெளியே வர அதற்கு அவசரமே இல்லை. முட்டைக்குள் இருந்தபடியே தலையை மட்டும் நீட்டி, வலைக்கு வெளியே மண்டியிட்டிருந்த நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தது. கடிகாரக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மேற்பார்வையாளர் தொப்பியைக் கழற்றினார், எதற்கென்று அவருக்கே தெரியாது. மாலைக்குள் இரண்டாவதும் தலை நீட்டியது. அப்போதுதான் தாய் முதல் வளையத்தைப் பிரித்து, கம்பி குத்திய புண்ணோடு, மெல்ல ஊர்ந்து போய்த் தண்ணீர் வைத்திருந்த தட்டில் தலையை வைத்துக் குடித்தது. குடித்துக்கொண்டே இருந்தது.

மூன்றும் டாக்டரின் கண்ணாடிப் பெட்டிகளுக்குப் போயின, ரத்தம் பரிசோதனைக்கூடத்துக்குப் போனது. மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் அக்கா நாணலை ஓரம் விடாமல் அலசினாள். உரித்த சட்டை ஒன்று கிடைத்தால்கூட அதிகாரியிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள், கிடைத்திருந்தால் கொடுத்தும் இருப்பாள். ஒவ்வொரு நாளும் கிடைக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே தேடினாள். கிடைக்கவில்லை. யாரையும் திட்டவில்லை, அதில்தான் கிடங்கே பயந்துபோனது.

அதிகாரி தபாலில் அனுப்பவில்லை, தானே எடுத்துக்கொண்டு வந்தார். உறையை மேற்பார்வையாளரிடம் கொடுத்து, "நீங்களே படிங்க" என்றார். அவர் குவியல்களுக்கு நடுவே நின்று படித்தார்.

"'குஞ்சுகள் இரண்டிலும் தாயினுடையதல்லாத மரபுக்கூறு எதுவும் காணப்படவில்லை. தந்தை: இல்லை.'"

"திரும்பப் படி தம்பி."

அவர் திரும்பப் படித்தார். "அக்கா, பொழைச்சுதுங்க. மூணும் பொழைச்சுதுங்க!" என்று அவளைத் தோளைப் பிடித்து உலுக்கினார். அதிகாரி தன் படிவத்தை எடுத்து, ஆணைப் பற்றிய கட்டத்தில் நேராக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அதை அக்காவுக்குத் திருப்பிக் காட்டவும் செய்தார்.

அக்கா அந்த ரிசல்ட் காகிதத்தை வாங்கிக்கொண்டு ஒதுக்குப்புறமாகப் போய் மகளுக்குப் போன் பண்ணினாள். மகள் வேறொரு ஊரில் பேருந்து ஓட்டுகிறாள், ஓட்டும்போது எடுக்கமாட்டாள். முக்கால் மணி நேரம் கழித்து அவளே கூப்பிட்டாள்.

"என்னம்மா, ரெண்டு தடவை அடிச்சிருக்கே? உடம்புக்கு ஏதாவது ஆச்சா?"

"ஒண்ணும் ஆகல. நான் சொன்னேனே அந்தப் பாம்பு, அதோட ரிசல்ட் வந்துடுச்சு. படிக்கிறேன், கேளு." அக்கா காகிதத்தைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டுகிற பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். கடைசிச் சொல்லை இரண்டு தடவை படித்தாள்.

அந்தப் பக்கம் பேருந்து நிலையத்தின் இரைச்சல் கேட்டது.

"இல்லைன்னா போட்டிருக்கு?" என்றாள் மகள். "தெரியவில்லைன்னு இல்லியே?"

"இல்லை. இல்லைன்னுதான் போட்டிருக்கு. முத்திரையோட."

அந்தப் பக்கம் யாரோ வண்டி எப்போது கிளம்பும் என்று கேட்டார்கள். மகள் அஞ்சு நிமிஷம் என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டு வந்தாள்.

"அம்மா, அதுல ஒரு நகல் எடுத்து எனக்கு அனுப்பு."

"எதுக்குடி உனக்கு?"

"அனுப்பேன். வச்சுக்கறேன்."